கணித மேதை இராமானுஜனும் ஒரு பெரிய முதன்மை எண்ணும்

மாத்தளையினின்றும் இரத்தோட்டை வழியாக ஏறிச்செல்லும் பாதை, தேயிலைத் தோட்டங்களையும் ஏலம் விளையும் காடுகளையும் கடந்து ரிவர்ஸ்டன் மலைமுகட்டை அடைகின்றது. அங்கே காற்றுக்கு ஓய்வில்லை, மூடுபனிக்கும் ஓய்வில்லை. பத்து முழத்துக்கு அப்பால் உள்ளது யாதெனத் தெரியாத வேளையில், பனி கணப்பொழுது விலகும். நக்கிள்ஸ் மலைத்தொடரின் சிகரமொன்று முழுவடிவுடன் தோன்றி, நாம் வியந்து முடிக்குமுன்னரே மறைந்துபோகும். கண்டவன் கண்டதை மறுக்கமாட்டான். எனினும் அச்சிகரத்தை அடையும் வழி யாதென அவனைக் கேட்டால் அவனால் உரைத்தல் இயலாது. வழியை அமைப்பது வேறொரு தொழில். அதற்கு ஆண்டுகள் பல வேண்டும்.

இக்காட்சியைக் காணுந்தோறும் எமது நினைவுக்கு வருபவர் கணித மேதை சீனிவாச இராமானுஜன் அவர்கள். எண்களின் மறைபொருளை அவரும் அவ்வாறே கண்டார். அவர் கண்டவற்றுட் பலவற்றுக்கு வழியமைக்கப் பிறர்க்குப் பல ஆண்டுகள் சென்றன. சிலவற்றுக்கு வழி இன்னும் முடியவில்லை. எமது கல்லூரியின் விழா மலரில் அப்பெரியாரின் வரலாற்றைச் சுருங்கக் கூறி, அவருடைய பெயரோடு பிணைந்த ஒரு பெரிய முதன்மை எண்ணின் கதையையும் சேர்த்துரைப்பது மாணவர்க்குப் பயன் தருமென எண்ணுகின்றோம்.

இராமானுஜன் 1887ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் 22ஆந் திகதி ஈரோட்டிலே தம் தாய்வழிப் பாட்டனார் இல்லத்திற் பிறந்தார். தந்தையார் சீனிவாச ஐயங்கார் கும்பகோணத்தில் ஒரு புடைவைக் கடையிற் கணக்கெழுதுபவர். தாயார் கோமளத்தம்மாள் கோயிலிலே பக்திப் பாடல்கள் பாடும் வழக்கமுடையவர். கும்பகோணம் சாரங்கபாணி சந்நிதித் தெருவிலுள்ள சிறிய வீடே அவர் வளர்ந்த இடமாகும். குழந்தைப் பருவத்திற் பெரியம்மை கண்டு பிழைத்தவர் அவர். 1897ஆம் ஆண்டு ஆரம்பப் பரீட்சையில் மாவட்டத்தில் முதல்வராகத் தேறி, அடுத்த ஆண்டு நகர உயர்நிலைப் பாடசாலையிற் சேர்ந்தார்.

அவருடைய வாழ்வைத் திருப்பியது 1903ஆம் ஆண்டளவில் அவர் கைக்கு வந்த ஒரு நூல். கார் என்னும் ஆங்கிலேயர் பரீட்சைக்குப் படிப்போரின் பொருட்டுத் தொகுத்த அந்நூலில் ஆயிரக் கணக்கான தேற்றங்கள் நிரலாகக் கூறப்பட்டிருந்தன. நிறுவல்களோ பெரும்பாலும் இல்லை. பிறர் அதனை மனப்பாடஞ் செய்திருப்பர். இராமானுஜனோ ஒவ்வொரு தேற்றத்தையும் தாமே நிறுவிப் பார்த்து, அங்கிருந்து புதியன காணப் புறப்பட்டார். விடையை மட்டும் எழுதி, வந்த வழியை எழுதாதுவிடும் பழக்கம் அந்நூலினின்றே அவருக்கு ஏற்பட்டதெனக் கருதுவோர் உளர். கடதாசி விலையுயர்ந்த பொருளாயிருந்தமையாற் கற்பலகையிலே கணித்து, முழங்கையால் அழித்து, முடிவை மட்டும் குறிப்பேட்டிற் பதிந்தமையும் அதற்குக் காரணமாகலாம்.

1904ஆம் ஆண்டு பாடசாலைக் கல்வியை முடித்தபொழுது கணிதத்துக்கான பரிசு அவருக்குக் கிடைத்தது. கும்பகோணம் அரசாங்கக் கல்லூரியிற் பயிலப் புலமைப் பரிசிலும் கிடைத்தது. ஆயின் எண்களையன்றி வேறெதிலும் மனஞ் செல்லாத அவர் ஏனைய பாடங்களிலே தவறினார். புலமைப் பரிசிலை இழந்தார். 1906ஆம் ஆண்டு சென்னைப் பச்சையப்பன் கல்லூரியிற் சேர்ந்தும் பயன் விளையவில்லை. கணிதத்தில் ஆசிரியரையும் விஞ்சி நின்றவர் உடலியல் முதலிய பாடங்களில் வீழ்ந்தார். பட்டம் இல்லை, பட்டம் இன்மையால் உத்தியோகம் இல்லை. 1909ஆம் ஆண்டு ஜானகி அம்மையாரை மணம் புரிந்தபின் குடும்பப் பொறுப்பும் சேர்ந்தது. குறிப்பேடுகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வாயில் வாயிலாக வேலை தேடிய ஆண்டுகள் அவை.

அவரை முதன்முதல் இனங்கண்டோர் நம் நாட்டவர்களே என்பதை மறத்தலாகாது. இந்தியக் கணிதக் கழகத்தை 1907ஆம் ஆண்டு நிறுவிய இராமசாமி ஐயர் அப்பொழுது திருக்கோவிலூரில் உதவிக் கலெக்டராயிருந்தார். எழுதுவினைஞர் வேலை கேட்டு வந்த இளைஞரின் குறிப்பேட்டைப் புரட்டிய அவர், இத்தகையவரை ஓர் அலுவலகத்திற் பூட்டிவைத்தல் முறையன்றெனக் கண்டு சென்னையிலுள்ள கணித அன்பர்களிடம் அனுப்பினார். நெல்லூர்க் கலெக்டர் இராமச்சந்திர ராவ் தம் பொருளிலிருந்து மாதந்தோறும் 25 ரூபா கொடுத்து ஆதரித்தார். 1911ஆம் ஆண்டு இராமானுஜனின் முதற் கட்டுரை அக்கழகத்தின் சஞ்சிகையில் வெளிவந்தது. 1912ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் சென்னைத் துறைமுக அலுவலகத்தில் மாதம் 30 ரூபாச் சம்பளத்தில் எழுதுவினைஞரானார். அங்கே தலைமைக் கணக்காளராயிருந்த நாராயண ஐயர் தாமும் கணிதம் அறிந்தவர்; இரவுகளில் அவருடன் அமர்ந்து கற்பலகையிற் கணிப்பது வழக்கமாயிற்று.

1913ஆம் ஆண்டு சனவரி மாதம் 16ஆந் திகதியிட்டுக் கேம்பிரிட்சிலுள்ள பேராசிரியர் ஹார்டிக்கு இராமானுஜன் ஒரு கடிதம் வரைந்தார். நிறுவல் எதுவுமின்றித் தேற்றங்கள் மட்டுமே நிரம்பிய கடிதம் அது. ஹார்டியும் அவர் நண்பர் லிட்டில்வூட்டும் அதனை ஆராய்ந்து, எழுதியவர் முதல்தரமான கணித மேதையென்று தெளிந்தனர். ஆயினும் அக்கடிதத் தொடர்பிற் கூறப்பட்டவை யாவும் சரியானவையல்ல. முதன்மை எண்களைப் பற்றி இராமானுஜன் கூறியவற்றிலேதான் பெரும் பிழை நேர்ந்தது. அப்பிழையினை மறைத்து அவரைப் போற்றுவதிலும், அதனை விளக்கிப் போற்றுதலே அவருக்குச் செய்யும் மரியாதையாகும்.

தன்னாலும் ஒன்றாலுமன்றி வேறெந்த முழுவெண்ணாலும் மீதியின்றி வகுபடாத எண்ணே முதன்மை எண் என்பது மாணவர் அறிந்ததே. 2, 3, 5, 7, 11 என்பன போல்வன அவை. இவற்றுக்கு முடிவில்லையென யூக்கிளிட்டு 2,000 ஆண்டுகளுக்கு முன்னரே நிறுவினார். ஆயின் குறித்த ஓர் எல்லைக்குள் எத்தனை முதன்மை எண்கள் உள என்பதை எண்ணிப் பாராது கூறுவது அரிது. அதற்கு இராமானுஜன் தாமே ஒரு சூத்திரம் கண்டார். பத்து இலட்சத்துக்கு உட்பட்ட முதன்மை எண்கள் 78,498 ஆகும். அச்சூத்திரமோ 78,527 என்னும் விடையைத் தருகின்றது. வேறுபாடு 29 மட்டுமே. இத்துணை நுட்பமான சூத்திரத்தை, மேனாட்டு நூல்களின் துணையின்றி ஓர் இளைஞர் கண்டமை வியத்தற்குரியது. ஆனால் எவ்வளவு தூரம் சென்றாலும் பிழை சிறிதாகவே இருக்குமென அவர் நம்பினார். அந்நம்பிக்கை பொய்த்தது. முதன்மை எண்களின் ஏற்றத்தாழ்வு ஓர் எல்லைக்குள் அடங்காதென்பதை 1914ஆம் ஆண்டு லிட்டில்வூட்டின் ஆராய்ச்சி காட்டிற்று. காவுசு என்னும் செர்மானிய மேதையின் பெயரோடு வழங்கும் மதிப்பீடொன்று, அட்டவணைகளிற் பார்த்தவிடமெல்லாம் முதன்மை எண்களின் தொகையிலும் கூடியதாகவே நிற்கும். அதுவும் எண்ணற்ற தடவைகள் கீழே விழுமென லிட்டில்வூட்டு நிறுவினார். அவ்வாறு விழும் இடம் ஒன்று 317 இலக்கங்கள் கொண்ட எண்களின் அருகே உளதென்பது 2000ஆம் ஆண்டளவிலேதான் தெரியவந்தது. கோடி கோடியாகச் சோதித்துக் கண்ட உண்மையும் நிறுவப்படாதவரை உண்மையாகாதென்னும் பாடத்தை இதனினுந் தெளிவாகக் கற்பிப்பது வேறில்லை.

இப்பாடத்தை இராமானுஜன் கற்றுக்கொண்டார் என்பதே நாம் போற்றவேண்டியது. சென்னைச் சர்வகலாசாலை அவருக்கு 1913ஆம் ஆண்டு மே மாதம் முதல் மாதம் 75 ரூபா ஆராய்ச்சி உதவி வழங்கியது. 1914ஆம் ஆண்டு தொடக்கத்திற் சென்னைக்கு வந்த நெவில் என்னும் கேம்பிரிட்சு அறிஞர் அவரை இங்கிலாந்துக்கு வர இசைவித்தார். கடல் கடத்தல் குலவழக்குக்கு மாறென்று தயங்கிய தாயாரும் குலதெய்வமாகிய நாமக்கல் நாமகிரித் தாயாரின் குறிப்பென உணர்ந்து இசைந்தார். மார்ச்சு மாதம் 17ஆந் திகதி கப்பலேறிய இராமானுஜன் கேம்பிரிட்சில் நிறுவல் என்னும் ஒழுங்கினை ஹார்டியிடம் பயின்றார். சேர்த்தி எண்களைப் பற்றி 1915ஆம் ஆண்டு அவர் வெளியிட்ட நீண்ட ஆராய்ச்சி அடுத்த ஆண்டு அவருக்குப் பட்டத்தைத் தேடித்தந்தது. முன்னர் வழுவிய முதன்மை எண்களிடத்தும் அவர் மீண்டார். எவ்வெண்ணை எடுப்பினும் அதற்கும் அதன் இருமடங்குக்கும் இடையே ஒரு முதன்மை எண்ணேனும் உண்டென்னும் பெர்த்திராண்டின் கூற்றுக்கு 1919ஆம் ஆண்டு அவர் வெளியிட்ட நிறுவல் இரண்டே பக்கத்தது, ஐயத்துக்கு இடமற்றது. அதனோடு 2, 11, 17, 29, 41 எனத் தொடரும் எண்களையும் குறித்தார். 11 முதலாக எவ்வெல்லையை எடுப்பினும் அதற்கும் அதன் பாதிக்கும் இடையே இரண்டு முதன்மை எண்களேனும் உள, 17 முதலாக மூன்றேனும் உள, ஏனையவும் இவ்வாறே. இவை இன்று இராமானுஜன் முதன்மை எண்கள் எனப் பெயர் பெற்றுள்ளன.

இனி நாம் கூற எடுத்துக்கொண்ட பெரிய எண்ணுக்கு வருவோம். 1916ஆம் ஆண்டு வெளியான ஒரு கட்டுரையில் இராமானுஜன் ஒரு வரிசையை ஆராய்ந்தார். ஒன்றிலிருந்து ஒரு கணியத்தைக் கழித்த மீதி, ஒன்றிலிருந்து அதன் வர்க்கத்தைக் கழித்த மீதி, ஒன்றிலிருந்து அதன் கனத்தைக் கழித்த மீதி என இவ்வாறு முடிவின்றிச் செல்பவற்றைப் பெருக்குக. வந்த பெருக்கத்தை 24ஆம் வலுவுக்கு உயர்த்துக. அதனை மீண்டும் அக்கணியத்தாற் பெருக்கி விரித்து எழுதுக. அவ்விரிவில் ஒவ்வொரு வலுவின் முன்னும் நிற்கும் குணகங்களே அவ்வரிசை. கிரேக்க எழுத்தினால் அதனைத் தௌ சார்பு என வழங்குவர். முதலாவது குணகம் 1, இரண்டாவது மறை 24, மூன்றாவது 252, நான்காவது மறை 1,472, ஐந்தாவது 4,830, ஆறாவது மறை 6,048.

ஒழுங்கற்றன போலத் தோன்றும் இவ்வெண்களில் இராமானுஜன் ஒழுங்கு கண்டார். இரண்டாவதையும் மூன்றாவதையும் பெருக்கினால் ஆறாவது வருகின்றது. பொதுக் காரணியற்ற எவ்விரு எண்களுக்கும் இவ்வாறே நிகழும் என்றார். இரண்டாவதன் வர்க்கமாகிய 576இலிருந்து 2இன் 11ஆம் வலுவாகிய 2,048ஐக் கழித்தால் நான்காவது வருகின்றது. முதன்மை எண் ஒவ்வொன்றுக்கும் அதன் வர்க்கத்துக்கும் இவ்விதியே பொருந்தும் என்றார். 691 என்னும் முதன்மை எண்ணோடு இவ்வரிசைக்குள்ள உறவினையும் அவரே கண்டார். ஓர் எண்ணின் காரணிகள் யாவற்றையும் 11ஆம் வலுவுக்கு உயர்த்திக் கூட்டி, அதிலிருந்து அவ்வெண்ணுக்குரிய குணகத்தைக் கழித்தால், மீதி 691 ஆல் வகுபடும். 2ஐ எடுத்துப் பார்க்க: 1உம் 2,048உம் சேர்ந்து 2,049, மறை 24ஐக் கழிக்க 2,073, அது 691இன் மும்மடங்கு. பதின்மூன்று வயதுப் பிள்ளையும் சரிபார்க்கத்தக்கது. ஆயின் அது எவ்வெண்ணுக்கும் பொருந்துமென முதலிற் காண்பதற்கு ஓர் இராமானுஜன் தோன்றவேண்டியிருந்தது.

இவ்வரிசையில் முதன்மை எண் எப்பொழுதாவது தோன்றுமோ? தோன்றுவது மிக அரிதென்பதற்குக் காரணங்கள் உள. ஒற்றை எண்ணொன்றின் வர்க்கமாயுள்ள இடத்தினன்றிக் குணகங்கள் யாவும் இரட்டை எண்களே. இரட்டை எண்களுள் 2 ஒன்றே முதன்மையானது. மேலும் இடத்தைக் குறிக்கும் எண் பொதுக் காரணியற்ற இரண்டின் பெருக்கமாயின் குணகமும் ஒரு பெருக்கமாகிவிடும். ஆகவே ஒற்றை முதன்மை எண்களின் வர்க்கம் முதலான சில இடங்களிலேதான் தேடவேண்டும். லெமர் என்னும் அமெரிக்க அறிஞர் அவ்வாறு தேடி 1965ஆம் ஆண்டு தம் முடிவினை வெளியிட்டார். 251இன் வர்க்கமாகிய 63,001ஆம் இடத்திலேயே முதன்முதலாக ஒரு முதன்மை எண், மறைக் குறியுடன், நிற்கின்றது. குறியை நீக்கிப் பார்த்தால் அவ்வெண் 80,561,663,527,802,406,257,321,747 ஆகும்; 26 இலக்கங்கள் கொண்டது.

இவ்வெண்ணும் இராமானுஜன் கூறிய விதியினின்று வழுவவில்லை. 251ஆம் குணகம் 12,983,053,545,252. அதன் வர்க்கத்திலிருந்து 251இன் 11ஆம் வலுவாகிய 249,121,342,886,682,932,269,065,251ஐக் கழித்தால் இவ்வெண்ணே வரும். பென்சிலும் பொறுமையும் உடைய மாணவன் ஒரு மாலைப்பொழுதிற் செய்து பார்க்கலாம். ஆனால் அது முதன்மை எண்தான் எனத் துணிவது அத்துணை எளிதன்று. அதன் வர்க்கமூலம் ஏறத்தாழ 9 இலட்சம் கோடி. அதுவரையுள்ள முதன்மை எண்களால், விநாடிக்கு ஒன்றாக, இரவுபகல் ஓயாது வகுத்துப் பார்ப்பின் ஏறத்தாழப் பதினாயிரம் ஆண்டுகள் செல்லும். வகுத்துப் பாராமலே முதன்மைத் தன்மையைத் துணியும் சோதனைகளை, பெர்மாவின் தேற்றத்தினின்று வளர்ந்தவற்றை, கணித வல்லுநர் ஆக்கியுள்ளனர். அத்துறையில் லெமரே முன்னோடிகளுள் ஒருவர்.

முதலிரு விதிகளையும் 1917ஆம் ஆண்டு மோர்டெல் நிறுவினார். முதன்மை எண்ணிடத்து நிற்கும் குணகம் எவ்வளவுக்கு மேற் பெருகாதென்பது பற்றி இராமானுஜன் கூறிய மூன்றாவது ஊகமோ எளிதிற் பிடிபடவில்லை. பெல்சிய நாட்டவராகிய டெலீன் 1974ஆம் ஆண்டு, அந்நூற்றாண்டிலே தோன்றிய ஆழ்ந்த கணிதக் கருவிகளைக்கொண்டு அதனை நிறுவினார். கற்பலகைக்காரர் கண்ட சிகரத்துக்குப் பாதை அமைய 58 ஆண்டுகள் சென்றன. இவ்வரிசையிற் பூச்சியம் ஒருபோதும் வராதா என 1947ஆம் ஆண்டு லெமர் எழுப்பிய வினாவுக்கு இன்னும் முடிவான விடை இல்லை. முன்பு முதன்மை எண்களின் தொகையில் அவரைக் கைவிட்ட உள்ளுணர்வே இங்கு அவரை உண்மையின் வாயிலிற் கொண்டுபோய் நிறுத்திற்று. உள்ளுணர்வு நல்ல வழிகாட்டி. ஆனால் அதுவே சான்றாகாது.

இங்கிலாந்தின் குளிரும், போர்க்காலத்து உணவுத் தட்டுப்பாடும், மரக்கறி உணவன்றி வேறு கொள்ளாத நியமமும், தனிமையும் அவர் உடலை வாட்டின. 1917ஆம் ஆண்டு நோயுற்று மருத்துவ நிலையங்களிற் காலங் கழித்தார். அந்நிலையிலும் 1918ஆம் ஆண்டு இங்கிலாந்து இராயல் கழகத்தின் அங்கத்தவராகவும், திரித்துவக் கல்லூரியின் உறுப்பினராகவும் தெரிவு செய்யப்பட்டார். 1919ஆம் ஆண்டு தாயகம் மீண்டார். கயரோகமென அக்கால மருத்துவர் கருதினர். குடலிற் பற்றிய கிருமியால் ஈரல் பழுதுற்றதாகலாமெனப் பிற்கால ஆராய்ச்சியாளர் கூறுவர். படுக்கையிற் கிடந்தவாறே புதிய சார்புகளைக் கண்டு 1920ஆம் ஆண்டு சனவரியில் ஹார்டிக்கு எழுதினார். அவ்வாண்டு ஏப்பிரில் மாதம் 26ஆந் திகதி சென்னைச் சேத்துப்பட்டில் உயிர் நீத்தார். வயது 32. அவருடைய இறுதிக்காலத் தாள்கள் திரித்துவக் கல்லூரி நூல்நிலையத்திற் கிடந்து, 1976ஆம் ஆண்டு அண்ட்ரூஸ் என்னும் அமெரிக்க அறிஞரால் வெளிப்படுத்தப்பட்டன. கணவரைப் பல்லாண்டு பிரிந்திருந்து, இறுதி ஓராண்டிற் பணிவிடை புரிந்த ஜானகி அம்மையார் தையல் தொழிலால் வாழ்ந்து 1994ஆம் ஆண்டுவரை உயிர்தரித்தார். புகழுக்கு விலை கொடுத்தவர் ஒருவரல்லர்.

இவ்வரலாற்றை மேதை ஒருவரின் புகழாக மட்டும் படித்து மலரை மூடிவிடலாகாது. இரண்டு கல்லூரிகள் இராமானுஜனைத் தவறியவரெனப் பதிந்தன. அப்பதிவிற் பொய் இல்லை. விதிப்படி அவர் தவறியவரே. விதிக்கு அப்பால் நோக்க இராமசாமி ஐயர் போன்ற ஒருவர் இல்லாதிருந்தால் அக்குறிப்பேடுகள் கும்பகோணத்துப் பரண் ஒன்றிற் கறையானுக்கு இரையாகியிருக்கும்.

நாம் ஆசிரியத் தொழில் புரிந்த காலத்தில் மலைத்தோட்டமொன்றிலிருந்து வந்த மாணவன் ஒருவன் நினைவுக்கு வருகின்றான். பெருக்கற் கணக்குக்கு அவனுக்குத் தாள் வேண்டியதில்லை. வேறிரு பாடங்களில் அவன் தவறினான். விதிப்படி நாமும் அவனை மேல்வகுப்புக்கு ஏற்றவில்லை. அடுத்த தவணைக்கு அவன் வரவில்லை; நகரத்துக் கடையொன்றிற் சாமான் நிறுப்பதாகப் பின்னர்க் கேள்வியுற்றோம். அவன் இராமானுஜன் ஆகியிருப்பான் என நாம் கூறவரவில்லை. யாவனாக ஆகியிருப்பான் என்பதை அறியும் வழியை நாமே அடைத்துவிட்டோம் என்பதே எம் நெஞ்சை உறுத்துவது.

விழாக்காலத்திற் கட்டடங்களுக்கு நிதி திரட்டுதல் நல்லது. அதனோடு, ஒரு துறையிற் சிறந்து மற்றொன்றிற் பின்னிற்கும் பிள்ளையை இனங்கண்டு, மாலைவேளையில் அவனுக்கு உறுதுணையாக அமரக்கூடிய பழைய மாணவர் ஒவ்வோர் ஊரிலும் ஒருவரேனும் முன்வருவாராயின் அது கட்டடத்திலும் நெடிது நிலைக்கும். நாராயண ஐயர் கொடுத்தது பெரும்பொருள் அன்று. இரவு நேரமும் ஒரு கற்பலகையில் இடமுமே.

ரிவர்ஸ்டன் முகட்டிற் பனி விலகுவது கணப்பொழுதே. அக்கணத்திற் கண் திறந்திருப்பவனே சிகரத்தைக் காண்பான். மாணவரிடத்து அத்தகைய கணம் தோன்றும்பொழுது ஆசிரியரும் பழைய மாணவரும் கண் விழித்திருப்போமாக.